உடல் வலு குறைந்துவிட்டது என்று உங்களுக்கு உணர்த்திய தருணம் எது?

மேல்தட்டுப் பயணி:

தொடர்வண்டியில் பெட்டியை மேல்தட்டில் வைக்கும் அசைவு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: முதலில் முழங்கால் வரை, பிறகு மார்பு வரை, பிறகு ஒரே உந்தலில் தலைக்கு மேல். அண்மையில் எனக்கு அந்த மூன்றாவது கட்டம் நடக்கவில்லை. வயது 63. வலி இல்லை, மூச்சு வாங்கவில்லை, எங்கும் பிடிப்பும் இல்லை. பெட்டி மோவாய்க்கு நேராக வந்து நின்றுவிட்டது. அதை மேலே ஏற்றவும் முடியவில்லை, பிறர் மேல் இடிக்காமல் கீழே இறக்கும் வழியும் தெரியவில்லை. எப்போதும் எடுத்துச் செல்லும் அதே பெட்டி, ஏறக்குறைய அதே துணிமணிகள்.

பின்னால் நின்ற ஒரு பெண், இருபது வயதுக்கு மேல் இருக்காது, "விடுங்கப்பா" என்று சொல்லி ஒரு கையால் அதன் அடியைத் தாங்கி உள்ளே தள்ளிவிட்டு, தொலைபேசியில் பாதியில் விட்டிருந்த வாக்கியத்தை அந்த இடத்திலிருந்தே தொடர்ந்து பேசினாள். நான் நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் தன் இருக்கைக்குப் போய்விட்டாள்.

உதவி பெற்றதில் எனக்கு வெட்கமில்லை. அவளுக்கு அது உதவி என்றே தோன்றவில்லையே, அதுதான் இன்னும் உறுத்துகிறது. நான் இறங்குமிடம் வந்தபோது இருக்கையை விட்டு எழுவதற்கு முன்பே பெட்டி என் காலடியில் இருந்தது. அப்படியென்றால் பயணம் முழுவதும் அவள் என்னைத் தன் கவனத்தின் ஓர் ஓரத்தில், பார்த்துக்கொள்ள வேண்டியவர்களின் வரிசையில் வைத்திருந்திருக்கிறாள். வீட்டில் இதை நான் சொல்லவில்லை.

உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள். அறிவுரை வேண்டாம்.

அச்சகத்துக் கை:

எங்கள் வீட்டில் இறுகிய மூடிகள் என்னிடம்தான் வரும். அச்சகத்தில் தாள் கட்டுகளைத் தூக்கிப் பழகிய கை என்பதால், திருமணமான நாளிலிருந்து கணவர் எந்தக் கண்ணாடிக் குப்பியையும் தாமே திறக்க முயன்றதில்லை. நேராக என் முன்னால் கொண்டுவந்து வைப்பார், நான் திருகிக் கொடுப்பேன், அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. சில மாதங்களுக்கு முன்பு ஒரு குப்பி அசையவில்லை. துணியைச் சுற்றிப் பார்த்தேன், வெந்நீரில் காட்டிப் பார்த்தேன். பிடி வழுக்கவில்லை, திருகும் விசை மட்டும் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் எங்கோ கரைந்து போனது.

அவர் ஒன்றும் சொல்லாமல் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். என் எதிரிலேயே திறந்திருக்கலாம், ஏன் அடுத்த அறைக்குப் போக வேண்டும்? சிறிது நேரம் ஓசையே இல்லை. பிறகு கரண்டிக் காம்பு கண்ணாடியில் உரசும் ஒலியும், அதைத் தொடர்ந்து "டப்" என்று காற்று உள்ளே புகும் ஒலியும் கேட்டன. திரும்பி வந்தவர் மூடியை மறுபடியும் லேசாகப் பொருத்தி என்னிடமே நீட்டி, "நீ முன்பே தளர்த்திவிட்டாய், ஒரு திருகுதான் பாக்கி" என்றார். நான் திருகினேன். திறந்தது.

அதற்குப் பிறகு எல்லாக் குப்பிகளும் என்னிடம் வரும்போதே தளர்ந்துதான் வருகின்றன. எப்போது செய்கிறார் என்று தெரியவில்லை. அவருடைய கைக்கும் என் கைக்கும் ஒரே வயதுதான். எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்குத் தெரியுமா என்பதும் விளங்கவில்லை.

விடாப்பிடி:

என் கதை சிறியது. நண்பர் வீட்டுச் சோபா தாழ்வானது; எழுந்திருக்க இரண்டு கைகளையும் ஊன்ற வேண்டியிருந்தது; நண்பர் அதைப் பார்த்துவிட்டுச் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தச் சன்னலுக்கு வெளியே பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை.

அறிவுரை வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ஆனாலும் மேலே உள்ள இரண்டு பதிவுகளிலும் தெரியும் "இனி இப்படித்தான்" என்ற தொனியை என்னால் பேசாமல் கடந்து போக முடியவில்லை. முதலில் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். தசையில் மெதுவாகச் சுருங்கி நெடுநேரம் உழைக்கும் இழைகளும், விரைவாகச் சுருங்கிச் சட்டென்று விசை தரும் இழைகளும் கலந்திருக்கின்றன. வயது ஏறும்போது அதிகமாக மெலிவது இரண்டாம் வகைதான். தண்டுவடத்திலிருந்து தசைக்கு ஆணை கொண்டுவரும் நரம்பணுக்களும் குறைகின்றன. ஒரு நரம்பணு மடிந்தால் அது இயக்கி வந்த இழைகளில் சிலவற்றை, தாயில்லாப் பிள்ளையை அண்டை வீட்டார் எடுத்து வளர்ப்பதுபோல, அருகிலுள்ள நரம்பணு தன் கிளையை நீட்டி ஏற்றுக்கொள்கிறது; ஏற்க ஆளில்லாதவை அழிகின்றன. தசையின் அளவு குறைவதைவிட வலு குறைவது வேகமாக நடக்கிறது, அந்த வலுவை ஒரு நொடிக்குள் திரட்டி வெளிப்படுத்தும் திறன் குறைவதோ அதையும்விட வேகமாக நடக்கிறது. ஆகவேதான் பல கல் தொலைவு நடக்க முடிந்தவரின் பெட்டியும் மோவாய்க்கு நேராக நின்றுவிடுகிறது. அளவான வலுக்குறைவு எல்லோருக்கும் உண்டு. அது எல்லை மீறும்போது மருத்துவர்கள் சார்கோபீனியா என்கிறார்கள், அமெரிக்க நோய்க் குறியீட்டுப் பட்டியலில் அதற்கு 2016 முதல் தனிக் குறியீடே இருக்கிறது.

இப்போது நான் சொல்ல வந்தது. 1990இல் மரியா ஃபியாட்டரோனே என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும், முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் இருந்த 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து, தொடைத் தசைகளுக்கு எட்டு வாரம் கனமான எடைப் பயிற்சி கொடுத்தார்கள். கைத்தடி இல்லாமல் நடக்கத் தயங்கியவர்களும் அவர்களில் இருந்தார்கள். பயிற்சியை முடித்த ஒன்பது பேரின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறு வயதுத் தசைக்கே இது முடியும் என்றால் 63 வயதில் பெட்டிக்காக வருந்திக்கொண்டிருப்பதற்கு என்ன நியாயம்?

நடைப்பயிற்சி போதாது, அது மெதுவான இழைகளுக்குத்தான் வேலை கொடுக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்போடு, குறைந்தது இரண்டு நாள் தசை வலுவுக்கும் மூன்று நாள் சமநிலைக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து சட்டென்று எழுந்து மெதுவாக உட்காருங்கள். சுவரைத் தொட்டுக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். எளிதாகிவிட்டால் கையில் எடையைச் சேருங்கள். எளிதாக இருக்கும் பயிற்சி தசைக்கு எதையும் கற்றுத் தராது. புரதத்தை ஒரே வேளையில் அள்ளிக் கொட்டாமல் எல்லா வேளைக்கும் பகிர்ந்து, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை உண்ணுங்கள் (சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக்கூடாது). காய்ச்சல், தலைவலி என்று கட்டிலைவிட்டு இறங்காமல் இருக்காதீர்கள்: 2007இல் வெளியான ஓர் ஆய்வில், நல்ல உடல்நலத்தோடு இருந்த முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்ததற்கே கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை கரைந்தது. கடைசியாக, நாற்காலிக் காலுக்குக் கட்டை வைத்து உயர்த்திக்கொள்ளாதீர்கள். உயர்ந்த நாற்காலி உங்கள் தொடைகளுக்கு நீங்களே கொடுக்கும் ஓய்வூதியம்.

பச்சை விளக்கு:

விடாப்பிடி அவர்களே, கேட்கப்பட்டது நடந்த நிகழ்ச்சி. நீங்கள் எழுதியதில் நிகழ்ச்சி எத்தனை வரி, மற்றது எத்தனை வரி என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

எனக்கு நடந்தது சாலையின் நடுவில். பாதசாரிகளுக்கான பச்சை விளக்கு எரிந்ததும்தான் காலெடுத்து வைத்தேன். நடுக்கோட்டைத் தாண்டும்போதே விளக்கு மின்னத் தொடங்கியது. நான் எட்டி நடந்தேன், அதாவது எட்டி நடப்பதாக நினைத்துக்கொண்டேன். விளக்கு மாறியது. முதல் வரிசையில் நின்ற வண்டியோட்டி ஒலிப்பானை அழுத்தவில்லை. அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, சன்னல் வழியாகக் கையை நீட்டிப் பின்னால் வருபவர்களைத் தடுத்து, என்னைப் பார்த்து "மெதுவா வாங்கம்மா, மெதுவா" என்றார். ஒரு சாலை முழுவதும் எனக்காக அமைதியாக நின்றது. யாராவது திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போய் மறந்திருப்பேன். அந்த அமைதியின் ஊடே நடந்து போன தூரத்தை மறக்க முடியவில்லை.

பிறகுதான் தேடிப் படித்தேன். பல நாடுகளில் கடக்கும் நேரத்தை நொடிக்கு 1.2 மீட்டர் நடைவேகம் என்று வைத்துக் கணக்கிடுகிறார்கள். இங்கிலாந்தில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை அளந்து 2012இல் வெளியிட்ட ஆய்வில் ஆண்களின் சராசரி வேகம் 0.9 மீட்டராகவும் பெண்களுடையது 0.8 மீட்டராகவும் இருந்தது. அந்த வயதினரில் பெரும்பாலோருக்கு விளக்கு எப்போதுமே சீக்கிரம் மாறிவிடும் என்றுதானே இதற்குப் பொருள்? இதற்கு நான் தினமும் நாற்காலியில் எழுந்து உட்கார வேண்டும் என்பது ஒரு விடை. விளக்கை நான்கு நொடி கூடுதலாக எரிய விடுங்கள் என்பது இன்னொரு விடை. இரண்டாவதை ஏன் யாரும் சொல்வதில்லை?

இன்னொன்றும் சொல்லவேண்டும். ரொபேர் மார்ஷான் என்ற பிரெஞ்சு மிதிவண்டி வீரர் 2014இல் தம் 102ஆம் வயதில் ஒரு மணி நேரத்தில் 26.927 கிலோமீட்டர் ஓட்டினார். 2017இல் 105ஆம் வயதில் அதே ஒரு மணி நேரத்தில் அவரால் ஓட்ட முடிந்தது 22.547 கிலோமீட்டர். உலகில் அவரைவிட விடாப்பிடியாக ஒருவர் பயிற்சி செய்திருக்க முடியாது, அவருக்கும் இறங்கியது. இறங்குவதை ஒப்புக்கொள்வது சோம்பேறித்தனம் என்று பேசுகிறவர்கள், மூட்டுவாதத்தோடும் நரம்பு நோயோடும் இருப்பவர்களிடம் "நீ போதிய அளவு முயலவில்லை" என்று சொல்லாமல் சொல்கிறார்கள். என் மூத்த சகோதரி அதைக் கேட்டுக் கேட்டே ஓய்ந்துபோனாள்.

விடாப்பிடி:

மார்ஷானை நீங்களே அழைத்து வந்தது நல்லதாயிற்று. 101 வயதிலிருந்து 103 வயது வரை வெரோனிக் பில்லா என்ற உடலியங்கியல் அறிஞர் வகுத்துக் கொடுத்த முறையில் அவர் பயிற்சி செய்தபோது, அவருடைய உடல் ஒரு நிமிடத்தில் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு, எடையில் ஒரு கிலோவுக்கு 31 மில்லிலிட்டரிலிருந்து 35க்கு உயர்ந்தது. முதலில் ஏறியது, பிறகு இறங்கியது. இறங்காது என்று நான் எங்கும் எழுதவில்லை. உங்கள் சகோதரியைப் பற்றி எனக்குத் தெரியாது. அவரை நினைத்து நான் எழுதவும் இல்லை. விளக்கை நான்கு நொடி நீட்டுவதற்கு யாரிடம் கையெழுத்துப் போட வேண்டுமோ சொல்லுங்கள், போடுகிறேன்.

சக்கரத் திருகாணி:

எனக்கு உணர்த்தியது ஒரு வண்டிச் சக்கரத்தின் திருகாணி; வண்டி பழுது பார்ப்பதுதான் என் தொழில். சாவியை மாட்டி அழுத்தினேன், நகரவில்லை. ஏறி நின்றேன், நகரவில்லை. என்னிடம் வேலை கற்கும் பையன் ஓரத்தில் கிடந்த இரும்புக் குழாயை எடுத்துச் சாவியின் பிடியில் செருகி, என்னிடம் கொடுக்காமல் தானே அழுத்தினான். குழாயைச் செருகும் வித்தையை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். என்னிடம் கொடுத்திருக்கலாம்.

ஆனால் நான் எழுத வந்தது அச்சகத்துக் கைக்காக. அம்மா, உங்கள் குப்பியில் சண்டை போடுவது மூடியல்ல, வெளியே உள்ள காற்று. சூடாக அடைத்து ஆறிய குப்பிக்குள் அழுத்தம் குறைந்துவிடுகிறது. வெளிக்காற்று ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ எடையளவு அழுத்துகிறது. ஏழு சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடியின் பரப்பு சுமார் 38 சதுர சென்டிமீட்டர். உள்ளே முழு வெற்றிடமாக இருந்தால் மூடியின் மேல் 38 கிலோ எடை உட்கார்ந்திருப்பதாகக் கொள்ளலாம்; நடைமுறையில் அவ்வளவு இருக்காது என்றாலும், இளைஞனையும் திணறவைக்கப் போதுமானது. உங்கள் கணவர் கரண்டிக் காம்பை விளிம்பில் செருகி நெம்பியதும் காற்று உள்ளே போனது, எடை இறங்கியது, அவ்வளவுதான். இதற்குக் கைவலு தேவையே இல்லை. ரப்பர் கையுறை போட்டுக்கொண்டால் உராய்வு கூடும். வெந்நீரை மூடியின் மேல் மட்டும் ஊற்ற வேண்டும்; உலோகம் கண்ணாடியைவிட அதிகம் விரியும், குப்பி முழுவதையும் சூடாக்கினால் பயன் குறையும். குப்பியை மார்போடு அணைத்துக்கொண்டு மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து திருகினால் பெரிய தசைகள் வேலைக்கு வரும். கட்டைவிரல் அடியில் வலி இருந்தால் அது வலுக்குறைவு ஆகாமல் மூட்டுத் தேய்வாகவும் இருக்கலாம், அதைத் தனியாகக் காட்டுங்கள். ஆகவே அவர் உங்களிடம் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு திருகுதான் பாக்கி என்பது இயந்திரவியல்படி சரியான பேச்சு.

அச்சகத்துக் கை:

ஐயா, காற்றழுத்தம் எனக்குப் புரிந்தது, நன்றி. அவர் அடுத்த அறைக்குப் போனதற்கு இயந்திரவியலில் என்ன விளக்கம் என்பதையும் எழுதியிருக்கலாம்.

இரண்டாம் மாடி:

நான் 41 வயதுக்காரன்; இங்கே எழுதுவதற்கு எனக்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை, ஏனெனில் குறைந்தது என் வலு அன்று, அப்பாவுடையது. வீடு மாற்றும்போது மர அலமாரியை மாடியிலிருந்து நானும் அவரும் இறக்கினோம். ஆள் வைத்துக்கொள்ளலாம் என்றேன், "இரண்டு ஆம்பிளை இருக்கும்போது எதுக்குடா ஆள்?" என்று கேட்டுவிட்டார். கீழ்ப்பக்கத்தைத் தாமே பிடித்துக்கொண்டார், எடை அதிகமாக இறங்கும் பக்கம் அது.

சில படிகள் இறங்கியதும், "நில்லு, சுவரில் கீறல் விழுந்துவிட்டதா பார்க்கிறேன்" என்று அலமாரியை இறக்கி வைத்தார். கீறல் எதுவும் இல்லை. அவர் சுவரைத் தடவிக்கொண்டிருந்தபோது முன்கை நடுங்குவதைப் பார்த்தேன். அடுத்த சில படிகளில் செருப்பு வார் சரியில்லை என்றார். அதற்கடுத்து அவர் காரணம் தேடுவதற்குள் நானே, "அப்பா, ஒரு நிமிஷம், தொலைபேசி அடிக்கிறது" என்று இறக்கி வைத்துவிட்டு, அணைந்து கிடந்த தொலைபேசியைக் காதில் வைத்து யாருமில்லாத மறுமுனையோடு பேசினேன். அவர் படியில் உட்கார்ந்து, நான் பேசி முடிக்கும் வரை, மூச்சைச் சத்தமில்லாமல் விட்டுக்கொண்டிருந்தார். பேச்சை நான் நீட்டிக்கொண்டே போனேன்; கடனையும் காப்பீட்டையும் பற்றியெல்லாம் அந்த மறுமுனையிடம் விசாரித்தேன். கீழே போய்ச் சேரும் வரை ஒவ்வொரு திருப்பத்திலும் எனக்கு அழைப்பு வந்தது.

இரவு அம்மாவிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது: "அவனால் முடியவில்லை பாவம், வழியெல்லாம் நின்று நின்றுதான் வந்தான்."

இதை நினைத்து நான் சிரித்ததும் உண்டு. ஆனால் அவர் அதை நிஜமாகவே நம்புகிறாரா, அல்லது என் நாடகத்துக்கு அவரும் ஒத்துப் பாடினாரா என்பதுதான் விளங்கவில்லை. நம்புகிறார் என்றால் அடுத்த முறை இதைவிடக் கனமானதைத் தூக்கப் போவார். சொல்லிவிடலாமா?

பிடிவிசைமானி:

இயன்முறை மருத்துவராக வேலை பார்க்கிறேன். கையால் அழுத்தினால் பிடியின் வலுவைக் கிலோவில் காட்டும் கருவியைத் தினமும் யாரிடமாவது நீட்டுகிறேன். ஆசிய நாடுகளின் வல்லுநர் குழு 2019இல் வகுத்த அளவுப்படி ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் குறைந்தால் கவனிக்க வேண்டிய நிலை. கைப்பிடி கையைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. 17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2015இல் வெளியான ஆய்வில், பிடிவலு 5 கிலோ குறையும் ஒவ்வொரு படிக்கும் இறப்பு வாய்ப்பு 16 சதவீதம் கூடியிருந்தது. அந்த முன்னறிவிப்பில் அது இரத்த அழுத்தத்தைவிட வலுவான அடையாளமாக இருந்தது. பிடியை மட்டும் பிசைந்து பயிற்சி செய்தால் ஆயுள் கூடும் என்று இதற்குப் பொருளில்லை. உடல் முழுவதும் எப்படி இருக்கிறது என்பதன் குறிப்பு அது.

உலோகப் பட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒருவர் வந்தார். உள்ளங்கை இன்னும் காய்ப்புக் காய்த்துக் கிடந்தது. அழுத்தினார், கருவி 24 காட்டியது. ஒன்றும் பேசாமல் மற்ற கைக்கு மாற்றி அழுத்தினார். அது இன்னும் குறைவு. கருவியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார், பிறகு மிகுந்த மரியாதையோடு, "இது கடைசியாக எப்போது சரிபார்த்தது?" என்று கேட்டார். நான் தேதியைச் சொன்னேன். தலையாட்டிக்கொண்டார். கிளம்பும்போது அந்த எண்ணை ஒரு தாளில் எழுதிக் கேட்டார், எழுதிக்கொண்டிருந்தபோது, "கிலோ என்று போடவேண்டாம் அம்மா, எண் மட்டும் போதும். வீட்டில் யாராவது பார்த்தால் இரத்தப் பரிசோதனை என்று சொல்லிக்கொள்வேன்" என்றார். எழுதிக் கொடுத்தேன். இந்த வேலையில் எத்தனையோ எண்களை எழுதியிருக்கிறேன்; அலகு இல்லாத அந்த 24 மட்டும் நினைவை விட்டுப் போகவில்லை.

விடாப்பிடி எழுதியதில் பெரும்பகுதி சரியே, இரண்டைச் சேர்க்க வேண்டும். எடையைத் தூக்கும்போது மூச்சை அடக்கினால் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும்; தூக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும். அடுத்தது, ஆண்டுக்கணக்கில் மெல்ல இறங்குவதற்கும் திடீரென்று இறங்குவதற்கும் வேறுபாடு உண்டு. ஒரு பக்கக் கையோ காலோ சட்டென்று வலுவிழந்தால், வாய் கோணினால், பேச்சு குழறினால், அது பக்கவாதமாக இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சில வாரங்களுக்குள் இரண்டு தொடைகளும் சேர்ந்து தளர்ந்தாலும் வயதின் மேல் பழியைப் போட்டுவிடாதீர்கள். தைராய்டுக் கோளாறு, வைட்டமின் குறைபாடு, சில மருந்துகளின் பக்கவிளைவு ஆகியவற்றுக்குச் சிகிச்சை இருக்கிறது. இரண்டாம் மாடி அவர்களே, அப்பாவிடம் சொல்வதைவிட அவரை நாற்காலியில் ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லி நேரம் பாருங்கள்; 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் அழைத்து வாருங்கள்.

எண்பதை நோக்கி:

இரண்டாம் மாடித் தம்பிக்கு: அப்பாவுக்கு நேரம் பார்க்கும் வேலையெல்லாம் வேண்டாம், அவர் அந்தக் கடிகாரத்தையும் சரிபார்க்கச் சொல்வார். நேராகச் சொல்லிவிடு. பெற்றவர்களுக்குப் பிள்ளைகளின் நாடகம் முதல் காட்சியிலேயே தெரிந்துவிடும். என் மகன் மூட்டையை என் கையிலிருந்து வாங்கும்போதெல்லாம் "எனக்கும் அந்தப் பக்கம் வேலை இருக்கிறது அம்மா" என்பான். அந்தப் பக்கம் அவனுக்கு ஒரு வேலையும் இருக்காது என்பது எனக்குத் தெரியும். கனமானதை அப்பா தூக்கப் போகிறார் என்ற பயம் உனக்கு இருந்தால், மரியாதையைக் காப்பாற்றும் பொறுப்பை அவரிடமே விட்டுவிட்டு, இடுப்பைக் காப்பாற்றும் பொறுப்பை நீ எடுத்துக்கொள்.

என் கதை மெத்தையைப் பற்றியது. புரட்டிப் போட வேண்டியிருந்தது. அடுத்த வீட்டுக் கல்லூரிப் பையனைக் கூப்பிட்டேன். உதவி கேட்பதில் எனக்குத் தயக்கமில்லை, அதை எப்போதோ பழகிவிட்டேன். ஆனால் நான் மனத்தில் போட்டிருந்த கணக்கு வேறு: அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், "ஒன்று, இரண்டு, மூன்று" என்று சேர்ந்து புரட்டுவோம் என்று நினைத்து என் பக்கத்து மூலையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் "ஒன்று" சொல்வதற்குள் அவன் தனியாகவே புரட்டிவிட்டான். என் கையில் விரிப்பின் நுனி மட்டும் இருந்தது. "வேற ஏதாவது இருக்கா பாட்டி?" என்று கேட்டான். ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டேன். அவன் போன பிறகு தலையணைகளை நானே தூக்கி வைத்தேன், அதில் ஒன்றும் பெருமை இல்லை, ஆனாலும் நானே வைத்தேன்.

விடாப்பிடி அவர்களுக்கு: நாற்காலியை உயர்த்தக் கூடாது என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கை உயர உயர எழுவதற்குத் தொடையும் இடுப்பும் கொடுக்க வேண்டிய விசை குறையும் என்பது எனக்கும் தெரியும், உயர்த்திக்கொண்டதே அதற்காகத்தான். என்னிடம் இரண்டு நாற்காலிகள் இருக்கின்றன. தாழ்வானதில் காலையில் உட்கார்ந்து, நீங்கள் சொல்வதுபோல் கையை ஊன்றாமல் எழுகிறேன், உட்காருகிறேன், மறுபடியும் எழுகிறேன். மாலையில் முழங்கால்கள் அன்றைய வேலையை முடித்துக்கொண்ட பிறகு கட்டை வைத்து உயர்த்திய நாற்காலியில்தான் உட்காருவேன். அதில் உங்களுக்கு ஆட்சேபம் இருந்தால், மாலை ஆறு மணிக்கு மேல் வந்து தாழ்வான நாற்காலியிலிருந்து என்னை நீங்களே எழுப்பிவிடலாம்.